விலைப்பட்டியலுக்கு மேல் ஒரு விலை: கார் விற்பனையும் வாடிக்கையாளர் நம்பிக்கையும் – ஒரு விமர்சனம்

முன்னுரை

தயாரிப்பு நிறுவனம் அறிவித்த விலைக்கு மேல், விற்பனை முகவராகிய டீலர் கூட்டி வாங்கும் தொகையை இக்கட்டுரை ‘மேல்விலை’ என்று குறிப்பிடுகிறது. பலரும் விரும்பும் ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைந்த எண்ணிக்கையில் வரும்போது உலகின் பல நாடுகளில் இது நடக்கிறது. சந்தையில் தேவை கூடினால் விலையும் கூடத்தானே செய்யும், இதில் என்ன தவறு என்பது ஒரு தரப்பின் வாதம். ஒருமுறை கூடுதலாகப் பிடுங்கியவரிடம் இரண்டாவது முறை யார் போவார் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை தேட டெட்ராய்ட் வரை போக வேண்டியதில்லை. பற்றாக்குறையான ஒரு பொருளை நூறாண்டுக்கும் மேலாக விற்றுவரும் கடை ஒன்று திருநெல்வேலியில் இருக்கிறது. கார் விற்பனையில் வாடிக்கையாளர் நம்பிக்கையை முதலாக வைத்து வளர்ந்த ஒருவரும் இதே மாவட்டத்தில்தான் பிறந்தார். இந்த இரண்டையும் அருகில் வைத்து மேல்விலை வழக்கத்தை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேல்விலை எப்படி உருவாகிறது

அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிய காரின் கண்ணாடியில் நிறுவனத்தின் விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அது ‘பரிந்துரை விலை’ மட்டுமே. டீலர் தனி வணிகர். காரை நிறுவனத்திடமிருந்து வாங்கித் தம் விருப்பப்படி விற்கிறார். எனவே கொரோனாவுக்குப் பின் சிப் தட்டுப்பாடு வந்தபோது, நிறுவனத்தின் சீட்டுக்குப் பக்கத்திலேயே ‘சந்தைச் சரிக்கட்டல்’ என்ற பெயரில் இன்னொரு சீட்டு ஒட்டப்பட்டது. கோர்வெட், ஹோண்டா சிவிக் டைப் ஆர், டொயோட்டா ஜிஆர் கொரோலா போன்ற கார்களுக்கு இது பரவலாக நடந்தது.

நிறுவனங்களுக்கு இது பிடிக்கவில்லை. கூடுதல் பணம் டீலருக்கு, கெட்ட பெயர் தங்களுக்கு என்பதை அவை உணர்ந்தன. 2022இல் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் தம் டீலர்களை எச்சரித்தன. அதே ஆண்டில், கோர்வெட் இசட்06 போன்ற சில வண்டிகளை வாங்கிய 12 மாதத்துக்குள் மறுவிற்பனை செய்தால் சில உத்தரவாதங்கள் அடுத்தவருக்கு மாறாது என்றும் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. அதற்கு முன்பே ஃபோர்டு ஜிடி காரை யாருக்கு விற்பது என்பதை விண்ணப்பம் வாங்கி நிறுவனமே முடிவு செய்தது. முதல் 500 இடங்களுக்கு 6,500க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. 24 மாதங்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறியதாக மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா மீது 2017இல் அந்நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது; அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பற்றாக்குறை இருக்கும் இடத்தில் அறிவித்த விலைக்கும் வாங்குபவர் தரத் தயாராக இருக்கும் விலைக்கும் நடுவே ஓர் இடைவெளி உருவாகும். அந்த இடைவெளிப் பணத்தை நிறுவனம் எடுக்காவிட்டால் டீலர் எடுப்பார். டீலர் எடுக்காவிட்டால் வாங்கி உடனே கைமாற்றுபவர் எடுப்பார்.

இந்தியாவின் பழைய அனுபவம்

இந்த இடைவெளியை நம் முந்தைய தலைமுறை நன்றாக அறியும். 1970களிலும் 80களிலும் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்கு முன்பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வெளிநாட்டில் உறவினர் இருந்து அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் வண்டி விரைவில் வரும். முறை வந்து வண்டி எடுத்தவர் அதை மறுநாளே லாபத்துக்கு விற்க முடியும். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோதும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்பணம் கட்டிக் காத்திருந்தார்கள். ‘பிளாக்கில் வாங்குவது’ என்ற சொல் சினிமா டிக்கெட்டுக்கு மட்டுமல்லாமல் ஸ்கூட்டருக்கும் காருக்கும் புழங்கிய காலம் அது.

இங்கே கவனிக்க வேண்டியது அதன் பின்கதை. 1980களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுடன் புதிய மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் வரத் தொடங்கின. பத்தாண்டு காத்திருக்கவும் தயாராக இருந்த அதே குடும்பங்கள் மெல்ல வேறு வண்டிகளுக்கு மாறின. 2009இல் பஜாஜ் ஸ்கூட்டர் தயாரிப்பிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. சேத்தக் என்ற பெயர் 2020இல்தான் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பி வந்தது. மக்கள் அன்று காத்திருந்ததற்குக் காரணம் விசுவாசம் அன்று. வேறு வழி இல்லாமைதான். வரிசை நீளமாக இருப்பதைப் பார்த்து ‘வாடிக்கையாளர் நம்மை நேசிக்கிறார்’ என்று முடிவு கட்டும் வணிகர், அந்த வரிசையைத் தவறாகப் படிக்கிறார்.

இன்றைய முகமூடிகள்

இந்தியாவில் இன்று டீலர் கண்ணாடியில் இரண்டாவது விலைச்சீட்டு ஒட்டுவதில்லை. எக்ஸ்-ஷோரூம் விலை எல்லோருக்கும் தெரிந்தது. கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் ஆள் ஷோரூமுக்குள் நுழைகிறார். அதனால் மேல்விலை வேறு பெயர்களில் வருகிறது.

“அண்ணாச்சி, ஆக்சஸரிஸ் பேக்கேஜ் எடுத்துக்கிட்டீங்கன்னா இந்த மாசமே வண்டி வந்துரும், இல்லன்னா ஆறு மாசம் ஆகும்.” இப்படி ஒரு பேச்சைக் கேட்காமல், தேவை மிகுந்த ஒரு காரை வாங்கியவர்கள் குறைவாகவே இருப்பார்கள். காரின் விலை அப்படியே இருக்கிறது. வரிசையில் முன்னால் போவதற்குத்தான் விலை. இந்த மறைமுக வழிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

1. சீட் கவர், தரைவிரிப்பு, பூச்சு வேலை முதலிய துணைப்பொருள்களைக் கட்டாயமாகச் சேர்த்தல்.
2. டீலர் சொல்லும் காப்பீட்டையே எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தல்.
3. ‘ஹேண்ட்லிங்’, ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்ற பெயர்களில் விளக்கமில்லாத கட்டணம்.
4. விலை குறைந்த ரகம் கையிருப்பில் இல்லை என்று சொல்லி, உயர்ந்த ரகத்துக்குத் தள்ளுதல்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். 15 லட்சம் ரூபாய் காருக்குத் துணைப்பொருள் 60,000, வெளியில் எடுப்பதைவிடக் காப்பீட்டில் கூடுதலாக 20,000, ஹேண்ட்லிங் 10,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 90,000 ரூபாய். காரின் விலையில் இது 6 விழுக்காடு. ஷோரூம் சுவரில் இருக்கும் விலைப்பட்டியலில் இந்த 6 விழுக்காடு எங்கும் இருக்காது. கடனில் வாங்குபவர் இந்தத் தொகைக்கும் சேர்த்து ஐந்து அல்லது ஏழு ஆண்டு வட்டி கட்டுகிறார். அமெரிக்க டீலரின் இரண்டாவது சீட்டாவது கண்ணுக்குத் தெரிகிறது. விரும்பாதவர் திரும்பிப் போகலாம். நம் ஊர் வழக்கம் அந்த நேர்மையும் இல்லாதது என்பதே இதன் மீதான முதல் குற்றச்சாட்டு.

ஸ்போர்ட்ஸ் கார்களில் நிலைமை சற்று மாறுகிறது. 2018இல் வந்த விதித்தளர்வின்படி ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வாகனங்கள் வரை, இந்தியாவில் முழுச் சான்றளிப்புச் சோதனை செய்யாமலேயே இறக்குமதி செய்யலாம். 2025இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ முதலில் 150 கார்களும் (52.99 லட்சம் ரூபாய்), ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 100 கார்களும் (49.99 லட்சம் ரூபாய்) இப்படித்தான் வந்தன, இணைய முன்பதிவிலேயே விற்றும் தீர்ந்தன. விலை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, முன்பதிவு நிறுவனத்தின் தளத்தில் நடந்தால் டீலர் மேல்விலை கேட்கும் வாய்ப்பு சுருங்குகிறது. மெர்சிடீஸ்-பென்ஸ் இந்தியா 2021 அக்டோபரில் இன்னும் ஒரு படி மேலே போனது. கார்களின் கையிருப்பு நிறுவனத்துடையது, நாடு முழுக்க ஒரே விலை, டீலருக்குத் தரகுத்தொகை என்ற முறைக்கு அது மாறியது. மேல்விலை தவிர்க்க முடியாத இயற்கை விதி அன்று, ஏற்பாட்டைப் பொறுத்தது என்பதற்கு இவையே சான்று.

சந்தை வாதமும் அதன் குறையும்

மேல்விலையை ஆதரிப்பவர்களின் வாதம் எளிதாகத் தள்ளிவிடக் கூடியதன்று. நூறு கார், ஆயிரம் பேர். யாருக்குக் கொடுப்பது? வரிசை வைத்தால் நேரம் உள்ளவருக்குக் கிடைக்கும். குலுக்கல் வைத்தால் அதிர்ஷ்டசாலிக்கு. சிபாரிசு வைத்தால் ஆள்பலம் உள்ளவருக்கு. விலையை ஏற்றினால் அதிகம் விரும்புபவருக்குக் கிடைக்கும் என்கிறார்கள்.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, அதிகப் பணம் தருபவர் அதிகம் விரும்புபவர் என்பது உண்மை அன்று. பத்தாண்டு சேமித்தவரின் விருப்பம், பத்து கார் வைத்திருப்பவரின் விருப்பத்தைவிடக் குறைந்ததன்று. அவருடைய பணப்பைதான் சிறியது.

இரண்டாவது, வாடிக்கையாளர் விலையை மட்டும் பார்ப்பதில்லை. அந்த விலை எப்படி வந்தது என்பதையும் பார்க்கிறார். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. கனடாவில் தொலைபேசி வழியே நடத்திய அந்த ஆய்வின் ஒரு கேள்வி கார் டீலரைப் பற்றியதே. பிரபலமான ஒரு காருக்குத் தட்டுப்பாடு, இரண்டு மாதம் காத்திருக்க வேண்டிய நிலை. பட்டியல் விலைக்கு விற்றுவந்த டீலர் இப்போது 200 டாலர் கூட்டி விற்கிறார். இது நியாயமா என்று கேட்டபோது 71 விழுக்காட்டினர் நியாயமில்லை என்றனர். அதே 200 டாலரைத் தள்ளுபடியாகக் கொடுத்துவந்த டீலர் தள்ளுபடியை நிறுத்திப் பட்டியல் விலைக்கு விற்றால்? நியாயமில்லை என்றவர்கள் 42 விழுக்காடு மட்டுமே. இரண்டிலும் வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பது அதே 200 டாலர்தான். ஆனால் பட்டியல் விலை என்பது ஒரு வாக்குறுதி போல மனத்தில் பதிந்துவிடுகிறது. அதைத் தாண்டும்போது ஏமாற்றப்பட்ட உணர்வு வருகிறது.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், அப்போதுதான் வாங்கியவர் “அல்வா கொடுத்துட்டான்” என்கிறார்.

இருட்டுக்கடை சொல்லும் பாடம்

ஏமாற்றுவதற்குத் தமிழ்நாடு முழுக்க வழங்கும் இந்தச் சொல்லுக்கும், அல்வாவுக்குப் பேர்போன ஊரின் வணிகத்துக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடையை எடுத்துக்கொள்வோம். மாலையில் திறக்கிறார்கள், அன்று கிண்டிய அல்வா தீர்ந்ததும் மூடுகிறார்கள். மங்கிய வெளிச்சம்தான் கடைக்குப் பெயரானது. திறப்பதற்கு முன்பே வரிசை நிற்கிறது. தேவைக்கும் கையிருப்புக்கும் உள்ள இடைவெளி நாள்தோறும் கண்ணெதிரே தெரிகிறது.

பொருளாதாரப் பாடநூலின்படி, இந்தக் கடை வரிசை மறையும்வரை விலையை ஏற்ற வேண்டும். ஆனால் வரிசையில் முதலில் நிற்பவருக்கும் கடைசியில் நிற்பவருக்கும் அங்கே ஒரே விலை. உள்ளூர்க்காரருக்கு ஒன்று, குற்றாலத்துக்குப் போகும் வழியில் இறங்கிய வெளியூர்க்காரருக்கு ஒன்று என்று இல்லை. நெய்யும் கோதுமையும் சர்க்கரையும் விலை ஏறினால் அல்வாவின் விலையும் ஏறும். அதை யாரும் குறை சொல்வதில்லை. செலவு கூடியதால் ஏறும் விலையை மக்கள் ஏற்பார்கள், தங்கள் ஆசையைக் கண்டு ஏற்றும் விலையை ஏற்கமாட்டார்கள் என்பது மேற்சொன்ன ஆய்வின் முடிவும்கூட.

இங்கே சேத்தக் வரிசைக்கும் இருட்டுக்கடை வரிசைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். சேத்தக் வேண்டாம் என்றால் அன்று வேறு வழி அரிது. இருட்டுக்கடை வேண்டாம் என்றால் ஜங்ஷன் பேருந்து நிலையப் பக்கம் போனால் போதும்; அல்வாக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அப்படி இருந்தும் நிற்கிறார்களே, அதுதான் விசுவாசம். மாற்று இருக்கும்போதும் தொடரும் வரிசையே வணிகரின் உண்மையான சொத்து.

கால் கிலோ அல்வாவையும் அரைக் கோடி ரூபாய் காரையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். அளவு வேறுதான். ஆனால் பற்றாக்குறையை முறை வைத்துப் பகிர்வது இந்தப் பள்ளத்தாக்குக்குப் பழக்கமானது. மழை பொய்த்த ஆண்டில் தாமிரபரணிக் கால்வாய்களில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். அதிகம் கொடுப்பவர் வயலுக்கு முதலில் மடை திறப்பதில்லை. திறந்தால் என்ன சண்டை வரும் என்பதை விவசாயிகளிடம் கேட்டால் தெரியும்.

திருக்குறுங்குடியிலிருந்து வந்த ஒரு வணிகர்

களக்காட்டுக்கு அருகே உள்ள திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1911இல் அவர் தொடங்கிய நிறுவனம் மதுரையை மையமாகக் கொண்டு பேருந்துப் போக்குவரத்திலும் வாகன விற்பனையிலும் வளர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கும் முகவராக இருந்தது. டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்து தென் தமிழகத்தில் நேரம் தவறாமைக்கும் நம்பகமான பழுதுபார்ப்புக்கும் பெயராக நிலைத்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைப்பது அரிதானபோது அந்த நிறுவனம் கரியில் வண்டி ஓட்ட உதவும் எரிவாயுக் கலத்தைத் தயாரித்து விற்றது. தட்டுப்பாட்டுக் காலத்தில் வாடிக்கையாளருக்கு மாற்றுவழி அமைத்துத் தருவதும் ஒரு வணிகம்தான், அதிலும் லாபம் உண்டு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஒரு வண்டியை விற்கும் நாளில் கிடைப்பது ஒரு நாள் வருமானம். அந்த வண்டி ஓடும் ஆண்டுகளெல்லாம் சர்வீசும் உதிரிப்பாகமும் காப்பீட்டுப் புதுப்பிப்பும் தொடர் வருமானம். மேல்விலை வாங்கும் டீலர் முதல் நாள் வருமானத்துக்காக அந்தத் தொடர் வருமானத்தைப் பணயம் வைக்கிறார்.

முகவர் தரப்பு நியாயம்

இவ்வளவு சொன்ன பிறகு டீலரின் தரப்பையும் கேட்பதே நியாயம். புதிய காரில் அவருக்குக் கிடைக்கும் லாப விகிதம் சிறியது. விற்காத கார்களையும் சேர்த்து எடுக்கச் சொல்லி நிறுவனம் நெருக்கும்; கையிருப்புக்கு வட்டி கட்டுவது அவர். அந்த இழப்பைக் கேட்கும் காரில் ஈடுகட்டப் பார்க்கிறார். மேலும், அவரிடம் விசுவாசத்தை எதிர்பார்க்கும் நிறுவனங்கள் அவரிடம் விசுவாசமாக இருந்தனவா? ஜெனரல் மோட்டார்ஸ் 2017இலும், ஃபோர்டு 2021இலும் இந்தியாவில் கடையைக் கட்டின. கட்டடத்திலும் பணிமனையிலும் பணம் போட்ட டீலர்கள் நடுவில் நின்றார்கள். நாளை நிறுவனம் இருக்குமா என்று தெரியாத வணிகர் இன்றைக்கே எடுத்துக்கொள்ள நினைப்பது வியப்பில்லை.

ஆனால் இது விளக்கம்தானே தவிர, சமாதானம் ஆகாது. நிறுவனத்தோடு உள்ள பிணக்கை நிறுவனத்தோடு தீர்க்க வேண்டும். முன்பதிவுச் சீட்டோடு நிற்பவரின் தலையில் இறக்கி வைக்கக் கூடாது.

விசுவாசமே விலையாகும்போது

மேல்விலைக்கு மாற்றாக ‘பழைய வாடிக்கையாளருக்கே முன்னுரிமை’ என்பதைச் சிலர் முன்வைக்கிறார்கள். ஃபெராரி தன் மிக அரிய கார்களை ஏற்கெனவே தன்னிடம் கார் வாங்கியவர்களுக்கே ஒதுக்குவது தெரிந்த செய்தி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விரும்பிய ஒரு காருக்காக விரும்பாத இரண்டு கார்களை முதலில் வாங்க வேண்டிய நிலை வந்தால், அது கோடிகளில் விற்கப்படும் சீட் கவரே. பொருளை வாங்கவைத்து முறை தருவது எந்த மட்டத்தில் நடந்தாலும் மேல்விலைதான். விசுவாசம் என்பது கொடுத்த பின் கிடைப்பது. முன்கூட்டியே கட்டணமாக வசூலித்தால் அதற்கு வேறு பெயர்.

சட்டம் தரும் பாதுகாப்பு

பொட்டலப் பொருள்களுக்கு உள்ள அதிகபட்சச் சில்லறை விலை முறை, பொட்டலம் அல்லாத காருக்குப் பொருந்தாது. ஆயினும் வாடிக்கையாளர் கையறு நிலையில் இல்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(41) பிரிவு, ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையும் வாங்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதைக் கட்டுப்படுத்தும் வணிகமுறை என வரையறுக்கிறது. துணைப்பொருள் கட்டாயம் இதற்குள் வரும். காப்பீட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவருக்கே உண்டு. டீலர்கள் வழியே காப்பீடு விற்பதற்கு ஒழுங்காற்று ஆணையம் 2017இல் தனி வழிகாட்டு நெறிகளை வகுத்துள்ளது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லாமலும், 50 லட்சம் வரை உரிய கட்டணத்துடனும் புகார் அளிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

போட்டிச் சட்டத்தில் ஒரு முரணைக் காணலாம். டீலர்கள் கூடுதல் தள்ளுபடி தரக் கூடாது என்று தடுத்ததாக இந்தியப் போட்டி ஆணையம் 2017இல் ஹுண்டாய்க்கு 87 கோடியும், 2021இல் மாருதி சுசூகிக்கு 200 கோடியும் அபராதம் விதித்தது. ஹுண்டாய் மீதான ஆணை 2018இல் மேல்முறையீட்டில் ரத்தானது. மாருதியும் மேல்முறையீடு செய்தது. ஆனால் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3(4) பிரிவு தடுப்பது விலையைக் குறைக்கவிடாத நிபந்தனையைத்தான். ‘இதற்கு மேல் விற்கக் கூடாது, குறைத்து விற்கலாம்’ என்று உச்சவரம்பு வைப்பது அந்த வரையறைக்குள் வராது. எனவே மேல்விலையைத் தடுக்கச் சட்டம் இடம் தரவில்லை என்று நிறுவனங்கள் கைவிரிக்க முடியாது. டீலர் ஒப்பந்தத்தில் உச்சவரம்பையும், முன்பதிவு வரிசை எண்ணை வாடிக்கையாளருக்கே காட்டும் முறையையும் சேர்க்க அவர்களால் முடியும், மனம்தான் வேண்டும்.

வாங்குபவர் செய்யக்கூடியவையும் உண்டு. முன்பணம் கட்டும் முன்பே எல்லாக் கட்டணமும் பிரித்து எழுதிய விலைத்தாளைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்க வேண்டும். எழுத்தில் தர மறுக்கும் கட்டணம் பெரும்பாலும் கேட்கக் கூடாத கட்டணமாகவே இருக்கும்.

முடிவுரை

மேல்விலை சட்டப்படி குற்றமா என்ற கேள்வியைவிட, அது வணிகரின் அறிவுடைமையா என்ற கேள்வியே முக்கியமானது. தட்டுப்பாடு நிரந்தரமன்று. சிப் கிடைத்தது, சேத்தக்குக்கு மாற்று வந்தது, நாளை இந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் போட்டி வரும். அன்று ஷோரூமில் ஆள் இல்லாதபோது, தட்டுப்பாட்டு நாளில் எப்படி நடத்தப்பட்டோம் என்பதை வைத்துத்தான் வாடிக்கையாளர் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். திருநெல்வேலி போன்ற ஊரில் இது இன்னும் உண்மை. இங்கே ஒருவர் கார் எடுத்தால் தெருவே விலை கேட்கும். எங்கே எடுத்தீர்கள், எவ்வளவு கூட்டி வாங்கினார்கள் என்பது அன்று மாலைக்குள் பாளையங்கோட்டை வரை போய்விடும். 90,000 ரூபாய் கூடுதலாக வாங்கிய டீலர், அந்தத் தெருவில் அடுத்து விற்றிருக்கக்கூடிய கார்களை அந்தக் கணக்கில் கழிக்க மறந்துவிடுகிறார்.